வரி ஆபீசில் முறையிடுவது எப்படி: எல்லையோரத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலந்தாவளத்தில் எனக்கு மாமா முறையாகும் ஒருவர் இருக்கிறார். கோவையில் ஒரு மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்து 2019 மார்ச்சில் ஓய்வு பெற்றவர். மூன்று வருஷம் கழித்து ஒருநாள் மஞ்சப்பையோடு வீட்டுக்கு வந்து பையைத் திண்ணையில் கவிழ்த்தார். பேங்க் பாஸ்புக், பான் கார்டு ஜெராக்ஸ், பாலக்காடு வருமான வரி அலுவலகத்துக்குத் தமிழில் எழுதிய இரண்டு கடிதங்களின் நகல். "ஏஞ்சாமி, ரீஃபண்டு எட்டாயிரத்துச் சொச்சம் வரோணும். ரெண்டு வாட்டி பஸ் ஏறிப் போயி கடுதாசி குடுத்துப்போட்டு வந்தேன். ஒண்ணையுங் காணோம்" என்றார்.

கடிதம் நன்றாகத்தான் இருந்தது. கொடுத்த இடம்தான் தப்பு. வீடு கேரளத்தில் இருந்தாலும் அவருடைய பான் கோவை வருமான வரி அலுவலகத்தின் ஒரு வார்டில்தான் (அதாவது அங்குள்ள ஓர் அதிகாரியின் பொறுப்பில்) கிடந்தது, ஏனென்றால் வேலை பார்த்த காலத்தில் அந்த முகவரியில் எடுத்தது. பாலக்காட்டில் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள், நகலில் சீல் வைத்துத் தரவில்லை, இவரும் கேட்கவில்லை. அதாவது அவர் முறையிட்டதற்கே ஆதாரம் கிடையாது.

எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருந்து அந்தப் பக்கம் சம்பாதிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எங்கே கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும். வரி ஆபீசைக் குறை சொல்லும் முன், நாம் தட்டுகிற கதவு சரியானதுதானா என்று பார்த்துவிடலாம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த வரி, யாருடைய வரி

'வரி ஆபீஸ்' என்று ஓர் இடம் இல்லை. சம்பளம், வட்டி, ரீஃபண்ட், பான் எல்லாம் வருமான வரித்துறை, அது மத்திய அரசு. கடை, லாரி, பில் என்றால் ஜி.எஸ்.டி., அதில் மத்திய அதிகாரியும் உண்டு, மாநில அதிகாரியும் உண்டு. நிலத்துக்குக் கட்டுகிற கரம் வில்லேஜ் ஆபீஸ். வீட்டுக்கு வருஷா வருஷம் கட்டுவது பஞ்சாயத்து. ஒன்றுக்கு எழுத வேண்டியதை இன்னொன்றுக்கு எழுதினால் அவர்கள் அனுப்பிவைக்க மாட்டார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

வருமான வரி: புகாருக்கு முன்னால் மூன்று வேலை

வருமான வரிக்கான தளம் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன். பயனர் பெயர் உங்கள் பான் எண்ணேதான். உள்ளே போனதும் முதலில் புரொஃபைலைத் திறந்து அதில் இருக்கிற மொபைலும் மெயிலும் யாருடையவை என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். மாமாவின் கணக்கில் இருந்த மெயில், முதல் ரிட்டன் (வருமானக் கணக்கு) போட்டுக்கொடுத்த பிரவுசிங் சென்டர்க்காரருடையது. துறை ஒழுங்காகத்தான் தகவல் அனுப்பியிருக்கிறது. 'உங்கள் ரீஃபண்டைப் பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் 21 நாளில் சொல்லுங்கள்' என்று வருமான வரிச் சட்டத்தின் 245ஆம் பிரிவுக் கடிதம் வந்திருந்தது. அது அந்தக் கடைக்காரரின் இன்பாக்ஸில் விளம்பர மெயில்களுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தது. 21 நாள் தாண்டியது, பணம் கழிந்தது. உங்கள் நம்பர், உங்கள் மெயில், இல்லாவிட்டால் பிள்ளைகளின் மெயில். கடைக்காரருடையது வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, பான் எந்த அதிகாரியிடம் இருக்கிறது என்று பார்ப்பது. அதே தளத்தில், லாகின் செய்யாமலே, 'நோ யுவர் ஏ.ஓ.' (உங்கள் மதிப்பீட்டு அதிகாரி யார்) என்று ஒரு வசதி இருக்கிறது. பானும் மொபைல் நம்பரும் கொடுத்து ஓ.டி.பி. போட்டால் வார்டு, ஊர், அதிகாரியின் மெயில் எல்லாம் வந்துவிடும். அங்கே கோவை என்று இருந்தால் உங்கள் கதவு ரேஸ்கோர்ஸ் சாலையில்தான், பாலக்காட்டில் இல்லை. பான் தரவில் முகவரியை மாற்றினால் வார்டும் தானாக மாறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், மாறாது. வார்டு மாற்ற இப்போதுள்ள அதிகாரிக்குத் தனியாக விண்ணப்பம் எழுத வேண்டும்: வீடு மாறிய காரணம், புது முகவரிக்குச் சான்று, நகல் ஒன்று புது வார்டுக்கு. இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒத்துக்கொண்டு, மேலே ஆணை வாங்கி, அப்புறம்தான் பான் நகரும். அவசர வேலை ஒன்று கையில் இருக்கும்போது இதை ஆரம்பிக்காதீர்கள். பிரச்சினையைப் பழைய வார்டிலேயே முடித்துக்கொண்டு நிதானமாக மாற்றலாம்.

மூன்றாவது, பிரச்சினை நிஜமாகவே துறையின் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது. ரீஃபண்ட் வராததற்குப் பெரும்பாலும் சின்னக் காரணம்தான் இருக்கும்: பேங்க் கணக்கு போர்ட்டலில் 'வேலிடேட்' ஆகியிருக்காது, ஒரு பேங்கை இன்னொன்றோடு சேர்த்ததில் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியிருக்கும், அல்லது ஆதாரோடு இணைக்காததால் பான் செயலிழந்திருக்கும் (2023 ஜூலை 1 முதல் இணைக்காத பான்கள் செயலிழந்தன, இணைக்க 1,000 ரூபாய் கட்டணம்). இதற்கெல்லாம் புகார் தேவையில்லை, சரிசெய்துவிட்டு 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கேட்டால் போதும். ரிட்டனைப் பரிசீலித்து அனுப்பும் 143(1) அறிவிப்பு திறக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். அந்த பி.டி.எஃப்.புக்குக் கடவுச்சொல் பான் எண் சிறிய எழுத்தில், அதோடு ஒட்டி பிறந்த தேதி எட்டு இலக்கத்தில். திறந்து பாருங்கள், நீங்கள் காட்டியது ஒரு பத்தியிலும் அவர்கள் ஏற்றுக்கொண்டது அடுத்த பத்தியிலும் இருக்கும். இரண்டும் எந்த இடத்தில் வேறுபடுகிறதோ அங்கேதான் உங்கள் பிரச்சினை.

மாமாவுக்கு வேறுபட்டது டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்ளும் வரி, இருக்கும் இடத்தில். மில்லில் கடைசி வருஷம் பிடித்த வரியை அக்கவுண்ட்ஸ் பிரிவில் யாரோ பானில் ஓர் எழுத்தை மாற்றி அடித்து வேறு ஒருவர் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள். 26ஏஎஸ் தாளில் (ஒருவர் பானில் பதிவான வரிகளின் பட்டியல்) அது தெரியவில்லை, ஆகவே துறை ஏற்கவில்லை, ஆகவே பாக்கி என்று ஒரு டிமாண்ட், அந்த டிமாண்டில் போன ரீஃபண்ட். இந்த மாதிரி நேரத்தில் வருமான வரி ஆபீசில் போய் எவ்வளவு கத்தினாலும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. வரி பிடித்தவர்தான் தன் காலாண்டு டி.டி.எஸ். கணக்கைத் திருத்திப் போட வேண்டும். முதல் கடிதம் மில்லுக்கு, படிவம் 16இன் (சம்பளத்தில் வரி பிடித்ததற்கு வேலை கொடுத்தவர் தரும் சான்று) நகலோடு, பதிவுத் தபாலில். அவர்கள் அசையவில்லை என்றால் அப்போது அந்தக் கடிதத்தை இணைத்துத் துறைக்குப் புகார். சம்பளத்தில் வரியைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டிருந்தால்கூட, அந்த வரியைத் திரும்ப உங்களிடம் நேரடியாகக் கேட்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் புகாரில் ஒரு வரி எழுதினால் எடை கூடும்.

(ஒரு குறிப்பு: 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடப்பில் இருக்கிறது, பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய வருஷங்களுக்கான நோட்டீஸில் பழைய எண்களே இருக்கும். உங்கள் நோட்டீஸில் எந்த எண் இருக்கிறதோ அதையே பதிலிலும் எழுதுங்கள்.)

புகாரை எழுதும் விதம்

போர்ட்டலின் மேல்பட்டையில் 'கிரீவன்ஸ்' என்று இருக்கும், அதில் 'சப்மிட் கிரீவன்ஸ்'. எந்தப் பிரிவு என்று கேட்கும், இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ரிட்டன் பரிசீலனை, ரீஃபண்ட், 143(1) சம்பந்தப்பட்டதெல்லாம் பெங்களூரில் உள்ள சி.பி.சி. என்ற பரிசீலனை மையம், பட்டியலில் சி.பி.சி.-ஐ.டி.ஆர். டி.டி.எஸ். கணக்கு என்றால் சி.பி.சி.-டி.டி.எஸ். லாகின், கடவுச்சொல் கோளாறு என்றால் இ-ஃபைலிங். பழைய டிமாண்ட், வார்டில் கிடக்கும் விண்ணப்பம் என்றால் மதிப்பீட்டு அதிகாரி. பிரிவு தப்பினால் 'இது எங்களுடையதல்ல' என்று இரண்டு வரியில் முடித்து மூடிவிடுவார்கள், நீங்கள் மறுபடி முதலிலிருந்து.

டிமாண்ட் வந்திருந்தால் புகாருக்கு முன்பே 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' என்பதற்குள் போய் 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' திறந்து, 'ஏற்கவில்லை' என்று காரணத்தோடு பதிவு செய்யுங்கள். அது இல்லாமல் புகார் மட்டும் போட்டால், கணக்கில் நீங்கள் பாக்கிக்காரராகவே நிற்பீர்கள். கணக்குப் பிழை என்றால் 154ஆம் பிரிவில் திருத்த விண்ணப்பம், அதற்கு ஆணை வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டு வரை நேரம் உண்டு. ரொம்பப் பழைய சில்லறை டிமாண்டுகள் என்றால் 2024இல் அரசே தள்ளுபடி செய்திருக்கிறது: 2010-11 மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) வரை ஒவ்வொன்றும் 25,000 ரூபாய்க்குள், 2011-12 முதல் 2015-16 வரை ஒவ்வொன்றும் 10,000க்குள், ஓர் ஆளுக்கு மொத்தம் ஒரு லட்சம் வரை. இன்னும் காட்டினால் அதைச் சொல்லியே புகார் போடலாம்.

எழுத்து எப்படி இருக்க வேண்டும்? குடும்பக் கஷ்டம் வேண்டாம், 'நேர்மையாக வரி கட்டும் குடிமகன்' வேண்டாம். மாமாவுக்கு நான் எழுதியது கிட்டத்தட்ட இப்படி:

"2019-20 மதிப்பீட்டு ஆண்டின் ரிட்டனில் நான் காட்டிய டி.டி.எஸ். தொகை ஏற்கப்படவில்லை. வேலை கொடுத்தவர் வேறு பானில் பதிந்ததே காரணம். இப்போது திருத்தப்பட்டு என் 26ஏஎஸ்-இல் தெரிகிறது, நகல் இணைத்துள்ளேன். திருத்த விண்ணப்பம் இந்தத் தேதியில், இந்த எண்ணில் கொடுத்தேன். ஆணை வரவில்லை. டிமாண்டை நீக்கி, 2022-23 ரீஃபண்டில் கழித்த தொகையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும்."

ஆண்டு, எண், நடந்தது, வேண்டியது. அவ்வளவுதான். ஒரு புகாரில் ஒரு விஷயம். இரண்டைக் கலந்தால் சுலபமானதற்குப் பதில் சொல்லிவிட்டு மூடிவிடுவார்கள், கஷ்டமானது அப்படியே நிற்கும். சமர்ப்பித்ததும் வரும் ஒப்புகை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அதோடு ஒரு நோட்டிலும் எழுதுங்கள். போன் தொலையும், நோட்டு பரணில் கிடக்கும்.

நேரில் கடிதம் கொடுப்பதென்றால் இரண்டு பிரதி. அலுவலகத்தில் 'ஆயகர் சேவா கேந்திரம்' என்று ஒரு கவுண்டர் இருந்தால் அங்கே கொடுங்கள், பதிவு எண் தருவார்கள். இல்லாவிட்டால் தபால் பிரிவில் நகலில் சீலும் தேதியும். "சீலெல்லாம் எதுக்குங்க" என்று யாராவது சிரித்தால் நீங்களும் சிரித்துக்கொண்டே அங்கேயே நில்லுங்கள்.

போனில்

போன் செய்வது விவரம் கேட்க மட்டும். ரிட்டன், ரீஃபண்ட், போர்ட்டல் விஷயத்துக்கு 1800 103 0025, திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. டி.டி.எஸ். பற்றி 1800 103 0344. பொதுவான சந்தேகங்களுக்கு 1800 180 1961. பானும் பிறந்த தேதியும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், பேசிய தேதியையும் அவர்கள் சொன்னதையும் எழுதி வையுங்கள். உங்கள் ஓ.டி.பி.யையோ கடவுச்சொல்லையோ ஏ.டி.எம். பின்னையோ துறையில் யாரும் கேட்க மாட்டார்கள். 'ரீஃபண்ட் ரெடி, இந்த லிங்கைத் தொடவும்' என்று வந்தால் தொடாதீர்கள், பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் செய்யுங்கள். வந்த நோட்டீஸ் நிஜமா என்று பார்க்கவும் வழி இருக்கிறது: 2019 அக்டோபர் 1க்குப் பிறகு வருமான வரித்துறை அனுப்பும் தாள்களில் டி.ஐ.என். என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும், அதைப் போர்ட்டலில் போட்டால் அசலா என்று சொல்லிவிடும்.

மூடிவிட்டார்கள், என்ன செய்ய?

'கிரீவன்ஸ் ரிசால்வ்ட்' என்று வந்து உள்ளே ஒன்றுமே தீர்ந்திருக்காது. இது எல்லோருக்கும் நடப்பதுதான். முதலில் பழைய எண்ணைக் குறிப்பிட்டு இன்னொரு புகார். அதுவும் வீணானால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளம், பி.ஜி.போர்ட்டல் டாட் கவ் டாட் இன், சி.பி.கிராம்ஸ் என்பார்கள். அதில் நேரடி வரிகள் வாரியத்தைத் தேர்ந்தெடுத்து, முந்தைய எண்களையெல்லாம் வரிசையாகப் போட வேண்டும். 2024இல் வந்த வழிகாட்டுதலின்படி 21 நாளில் தீர்க்க வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் கருத்துக் கேட்கும் இடத்தில் அதைச் சொல்லி, 30 நாளுக்குள் அதே தளத்தில் மேல்முறையீடும் செய்யலாம். என் அனுபவத்தில் வார்டில் தூங்குகிற காகிதத்தை எழுப்புவது இதுதான். இதற்கும் அசையாத ஃபைலுக்குப் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு: 'என் விண்ணப்பத்தின் மீது எந்தத் தேதியில் யார் என்ன நடவடிக்கை எடுத்தார்' என்று ஒரே கேள்வி. வருமான வரிக்கென்று ஒரு ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) இருந்தார், 2019இல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள், பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அவரைத் தேடாதீர்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. புகார் வேறு, மேல்முறையீடு வேறு. அதிகாரி ஆணை போட்டுவிட்டார், அது தப்பு என்று நினைக்கிறீர்கள் என்றால் 30 நாளில் மேல்முறையீடு போட்டாக வேண்டும். சி.பி.கிராம்ஸில் புகார் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்காக அந்த 30 நாள் நிற்காது. இந்த இடத்தில் ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவு இல்லை.

கடைக்காரர்களும் லாரிக்காரர்களும்

வாளையாற்றில் வணிகவரிச் சோதனைச்சாவடியில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்ற காலம் 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு போயிற்று. இப்போது பறக்கும் படை எங்கே வேண்டுமானாலும் மறிக்கும். சோதனை என்ற பெயரில் வண்டி 30 நிமிஷத்துக்கு மேல் நின்றால், வண்டிக்காரர் இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு) தளத்தில் இ.டபிள்யூ.பி.-04 என்ற படிவத்தில் அதைப் பதிவு செய்யலாம் என்று விதியிலேயே இருக்கிறது. எங்கள் பக்கம் பத்து டிரைவரைக் கேட்டால் ஒருவருக்குக்கூட இது தெரிவதில்லை. அதிகாரியோடு ரோட்டில் சண்டை போடுவதைவிட இது பலமடங்கு மேல், ஏனென்றால் நேரத்தோடு பதிவாகிவிடுகிறது. வண்டியைப் பிடித்தே வைத்தால் எம்.ஓ.வி.-06 என்ற ஆணைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பிடித்த ஏழு நாளில் நோட்டீஸ், நோட்டீஸ் கொடுத்த ஏழு நாளில் ஆணை என்பது சட்டம். தாள் இல்லாமல் 'இவ்வளவு கட்டிவிட்டுப் போ' என்றால் அது வரி இல்லை.

மற்றபடி போர்ட்டல் கோளாறுக்கு ஜி.எஸ்.டி. உதவி எண் 1800 103 4786, அல்லது அவர்கள் தளத்தில் டிக்கெட் போடுவது. பதிவு, ரீஃபண்ட், நோட்டீஸ் போன்றவற்றுக்கு உங்கள் அதிகாரி மத்தியா மாநிலமா என்று தெரிய, 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண் 32இல் ஆரம்பித்தால் கேரளம், 33 தமிழ்நாடு. பொள்ளாச்சிக் கடையின் பில் மீது கேரள அதிகாரியிடம் முறையிட்டுப் பயனில்லை. சாப்பிட்ட பில்லில் வரி போட்டிருக்கிறார்கள், ஆனால் சுவரில் 'காம்பொசிஷன்' (சிறு கடைக்காரர் தன் கையிலிருந்தே வரி கட்டும் திட்டம்) என்று போர்டு தொங்குகிறது என்றால் அந்தக் கடை உங்களிடம் வரி வாங்கவே கூடாது. பில்லைப் படம் எடுத்து 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண், சொல்லலாம்.

கரம், வீட்டு வரி, அப்புறம் தமிழ்

நில கரம் ரசீதில் தண்டப்பேர் எண்ணோ (வில்லேஜ் ஆபீஸ் பதிவேட்டில் நிலக்காரரின் கணக்கு எண்) பரப்போ தப்பாக வந்தால் வில்லேஜ் ஆபீசில் ஆரம்பித்து சித்தூர் தாசில்தார் வரை போக வேண்டும். வீட்டுக்கு இரண்டு வரி என்பதில் புதிதாய் வீடு கட்டுகிறவர்கள் குழம்புகிறார்கள். வருஷா வருஷம் பஞ்சாயத்துக்குக் கட்டுவது ஒன்று, கட்டி முடித்ததும் ஒரே தடவை தாசில்தார் கணக்கிட்டுக் கேட்கும் கட்டிட வரி இன்னொன்று. இரண்டாவதில் அளவு கூடுதலாகப் போட்டிருந்தால் பஞ்சாயத்தில் போய் நின்று பயனில்லை, ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்ட அதிகாரி, வண்டி ஆபீஸ் இல்லை) மேல்முறையீடு.

இங்கே தமிழில் எழுதலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தாராளமாக எழுதலாம். குறை தீர்க்கக் கேட்டு மத்திய, மாநில அதிகாரி யாருக்கும் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் மனு கொடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு. கேரள ஆட்சிமொழிச் சட்டமும் (1969) மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் வழி வைத்திருக்கிறது. வில்லேஜ், தாலுகா அலுவலகங்களில் நான் தமிழில்தான் எழுதுகிறேன். ஆனால் வருமான வரிப் போர்ட்டலில் அப்படிச் செய்வதில்லை, ஏனென்றால் படிக்கிறவர் பெங்களூரிலோ வேறெங்கோ இருப்பார், உரிமை கிடைக்கும், ரீஃபண்ட் தள்ளிப்போகும். அங்கே நாலு வரி எளிய ஆங்கிலம் போதும், பள்ளியில் படிக்கும் பிள்ளையே எழுதிவிடும்.

யாராவது கையை நீட்டினால் மேற்சொன்ன எந்தக் கதவும் வேண்டாம். மத்திய அலுவலகம் என்றால் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம், போன் எண் 1964. கேரள அரசு ஊழியர் என்றால் விஜிலன்ஸ், போன் எண் 1064. கொடுப்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும், கொடுத்துவிட்டு அல்ல.

மாமாவுக்கு மில் கணக்கைத் திருத்த இரண்டரை மாதம், திருத்த விண்ணப்பம், ஒரு புகார், மூடிவிட்டார்கள், சி.பி.கிராம்ஸில் இன்னொன்று. ஐந்தாம் மாதம் பணம் வந்தது, மாதத்துக்கு அரை சதவீத வட்டியோடு. குறுஞ்செய்தி இந்தத் தடவை அவருடைய போனுக்கே வந்தது. கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாமல், ஏதோ பிராடு மெசேஜ் என்று நினைத்து அழித்துவிட்டார்.